கிரேதோ: விசுவசிக்கிறேன்



லத்தீன் பூசையில் விசுவாசப் பிரமாணத்தின் முதல் வார்த்தை "கிரேதோ" என்பதாம். "விசுவசிக்கிறேன்" என்று அதற்கு அர்த்தம். அந்த முதல் வார்த்தையே ஜெபம் முழுமைக்கும் பெயராயிற்று.

இச்சொல்லின் ஆதிப் பொருள் "இருதயத்தை வைத்தல்" என்று மொழிநூலார் பலர் கூறுவர். சமஸ்கிருதத்தில் "சிரத்தா" என்பதும் அதே வேரில் பிறந்தது. அதிலிருந்து வந்ததே நாம் வழங்கும் "சிரத்தை". ஆகவே விசுவசிக்கிறேன் என்பவன் தன் இருதயத்தைச் சர்வேசுரன் கையில் ஒப்படைக்கிறான்.

தமிழைப் போலவே லத்தீனிலும் ஆளுக்கேற்ப வினையின் ஈறு மாறும். நான் என்றால் கிரேதோ. நீ என்றால் கிரேதிஸ். அவன் என்றால் கிரேதித். நாம் என்றால் கிரேதிமுஸ்; நீங்கள் என்றால் கிரேதிதிஸ்; அவர்கள் என்றால் கிரேதுந்த்.

பழைய லத்தீன் ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் குழந்தையை நோக்கி, "கிரேதிஸ்?" என்று கேட்பார். பேசவறியாத அக்குழந்தைக்காக ஞானத்தாய் தகப்பன்மார் "கிரேதோ" என்று பதில் சொல்வார்கள். வளர்ந்தபின் அந்தப் பதிலை நாமே சொல்ல வேண்டாமா? பாட்டி ஜெபமாலை சொல்லுகிறாள், தாயார் பூசைக்குப் போகிறாள், அது போதும் என்றிருக்கும் தகப்பன்மாரும் வாலிபரும் நம்மில் இல்லையா? அவர்கள் வீட்டில் விசுவாசம் "கிரேதுந்த்" என்ற அளவில் நின்றுவிட்டது. நமக்காக வேறொருவர் சாப்பிட்டால் நம் பசி தீருமா?

"சுவாமி, என் மனதில் சந்தேகம் இருக்கிறதே, நான் எப்படிச் சொல்வேன்?" என்று கேட்பீர்கள். மாற்கு சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பேய்பிடித்த மகனைச் சேசுநாதரிடம் கொண்டுவந்த தகப்பன், தான் விசுவசிப்பதாகக் கதறினான். அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கு உதவி கேட்டான். லத்தீன் வேதாகமத்தில் அவன் சொல்லும் முதல் வார்த்தை "கிரேதோ". ஆண்டவர் அவனைத் தள்ளிவிடவில்லை, மகனைச் சுகமாக்கினார்.

விலங்கிடப்பட்ட அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், தாம் யாரை விசுவசித்தார் என்பதை அறிந்திருப்பதாகச் சொல்லுகிறார். அங்கே லத்தீனில் வருவது இறந்தகாலம்: "கிரேதிதி", விசுவசித்தேன். மரணப்படுக்கையில் நாமும் அப்படிச் சொல்ல வேண்டுமானால், இன்றே நிகழ்காலத்தில் சொல்லிப் பழக வேண்டும்.

வருகிற ஞாயிறு விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது முதல் வார்த்தையில் சற்றே நில்லுங்கள். உங்கள் இருதயம் யாரிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, பிறகு சொல்லுங்கள்.

ஆமென்.