அடைக்கலமும் வாய்மையும்

உயிரைக் காக்கச் சொல்லும் பொய் பாவமாகுமா? இவ்வினாவுக்கு ஏட்டளவில் விடை கூறுவது எளிது. நம் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றில் வைத்து நோக்கும்போதுதான் அதன் கனம் புலப்படும்.

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கிளர்ச்சி ஓய்ந்தது எனக் கும்பினியார் எண்ணினர். ஆனால் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சின்னாள்களில் மீண்டும் எழுந்தது. மே 24இல் மீண்டும் வீழ்ந்தது.

அதன்பின் நிகழ்ந்ததைக் கும்பினிப் படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். களத்தில் மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, அவனைக் குற்றுயிராய்க் கண்டாள். அவனோ, தன்னை விடுத்து, அருகில் காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காக்குமாறு வேண்டினான். பெண்கள் அவரை ஊருக்குள் கொண்டு சென்றனர். எட்டயபுரத்தார் தேடி வந்தபோது, அவர்மீது துணியைப் போர்த்தி, அம்மையால் மாண்ட பிள்ளை என ஓலமிட்டனர். வந்தவர்கள் அஞ்சி ஓடினர்.

செருமானிய அறிஞர் காண்ட் 1797இல் எழுதிய கட்டுரையொன்றில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடமும் பொய் கூறலாகாது என வாதிட்டார். ஒருமுறை வளைத்தால் சொல்லின்மீதுள்ள நம்பிக்கையே குலையும் என்பது அவர் அச்சம். அவருக்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், கொடியவனுக்கு அஞ்சி ஒளிந்தவனைக் காக்க வேறு வழியில்லையெனில் பொய்யுரைப்பதே கடமை என்று 'இஹ்யா'வில் வரைந்தார்கள். எனினும், அவ்வாயிலைத் தேவைக்கு மேல் திறவாதீர் என எச்சரிக்கவும் தவறவில்லை. குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையின் பக்கம் வைத்த வள்ளுவரும் நம் நினைவுக்கு வருகிறார்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. அடைக்கலம் தருபவர் அண்டை வீட்டாரையும் ஆபத்தில் ஆழ்த்துகிறார் அல்லவா? அதே ஆங்கில ஆட்சியை எதிர்த்து 1798இல் எழுந்து தோற்ற அயர்லாந்திலும், விக்லோ மலைகளில் மைக்கேல் டுவையர் 1803 இறுதிவரை நின்றது, எளிய குடியானவர்கள் அவரை மறைத்ததனால்தான். அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தனர்.

நாம் காணும் வேறுபாடு இதுதான்: தன்னலத்துக்காகச் சொல்லும் பொய்க்குப் பிறர் விலை கொடுக்கின்றனர், இப்பெண்களோ தம் பொய்க்குத் தாமே பிணையாயினர். ஓலமிட்டவள் ஒருத்தி அல்லள்; பலர் கூடி ஓலமிட்டு, ஆபத்தையும் கூடியே ஏற்றனர்.

ஊமைத்துரை 1801 நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பொய் அவருக்கு ஈட்டித் தந்தது ஆறு மாதங்கூட இல்லை. அதனால் அது வீணாயிற்றா? ஓர் உயிரைக் காப்பவர் மாந்தர் அனைவரையும் காத்தவர் போன்றவர் என்பது திருமறை காட்டும் நெறி. ஆயுளின் அளவு இறைவனிடம் உள்ளது. காயமுற்றவனுக்குக் கதவைத் திறப்பதே நம்மிடம் விடப்பட்டுள்ளது.