பட்டிக்காட்டான் சாமி

ஒரு பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், 14 கிலோமீட்டரில் பாதியைக் கடந்து, நானும் நண்பரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. காலில் செருப்பில்லை. மலையைப் பார்த்துக் கைகூப்பி அப்படியே நின்றார்.

நண்பர் உருகிவிட்டார். ‘‘எங்கேயோ பொறந்து, இந்த மலையைச் சாமின்னு கும்பிடுறாங்க. என்ன ஒரு ஆன்மிகம் பாருங்க!’’

அன்று மதியம் வருகிற வழியில், புளியமரத்தடிக் கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பார்த்து, ‘‘இன்னும் கல்லைக் கும்பிட்டுக்கிட்டு இருக்காங்களே!’’ என்று சிரித்தவரும் இவர்தான்.

ஏன் சார், மலையும் கல்தானே?

மேல்நாட்டில் ‘பேகன்’ என்று ஒரு வார்த்தை உண்டு. அதன் லத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்று அர்த்தம். கிறிஸ்துவத்துக்கு வராமல் பழைய சாமிகளைக் கும்பிட்டவர்களைக் குறிக்க அந்தச் சொல் வந்தது. நம் பாஷையில், ‘பட்டிக்காட்டான்’.

இருபதாம் நூற்றாண்டில் சிலர் அந்த வசவையே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது. 1954-ல் ஜெரால்டு கார்ட்னர் தன் புத்தகத்தோடு வெளியே வந்தார். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பிறகு மலாயா சுங்க இலாகாவிலும் வேலை பார்த்தவர். 1973-ல் ஐஸ்லாந்து அரசு, பழைய நார்டிக் தெய்வ வழிபாட்டை ஒரு மதமாகவே பதிவு செய்தது. பௌர்ணமி, பருவ மாற்றம், மரம், ஊற்று... இவைதான் இன்றைய பேகன்கள் பலருக்கும் திருவிழா. நடுவில் பல நூற்றாண்டுகளாக இழை அறுந்துவிட்டது. ஏட்டிலிருந்தும் கற்பனையிலிருந்தும் புதிதாக முடிச்சுப் போடுகிறார்கள்.

‘அதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருக்கு’ என்று உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். இருக்கிறது, சரி. அதை நாம் மதிக்கிறோமா? வெளிநாட்டுக்காரர் செய்தால் ஆன்மிகம், நம் பாட்டி செய்தால் மூடநம்பிக்கை. தராசு ஒன்று, படிக்கல் இரண்டு!

பழசு என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. கிராமச் சாமி கோயிலிலும் சாதி பார்த்து வாசலில் நிறுத்துவது உண்டு. அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால், கேள்வி கேட்பது வேறு, கேலி செய்வது வேறு.

மறுநாள் திரும்பும்போது காரை அந்தப் புளியமரத்தடியில் நிறுத்தினோம். ‘‘இது என்ன சாமி பாட்டி?’’ என்று நண்பரே கேட்டார்.

‘‘பேரெல்லாம் தெரியாதுப்பா. எங்க மாமியா கும்பிட்டாங்க, நானும் கும்பிடறேன். ஒருதரம் இந்த மரத்த வெட்ட வந்தானுங்க. சாமி இருக்குதுன்னேன். போய்ட்டானுங்க.’’

நண்பர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றினார்.

தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அங்கேதான் ஆரம்பம்.