எழுவகைப் பிறப்பும் கழுகின் தொண்டும்

சைவ ஆசிரியர்காள்!

சீவகோடிகளின் தோற்றம் நான்கு, பிறப்பு ஏழு, யோனிபேதம் எண்பத்துநான்கு நூறாயிரம் என்று நம் மாணாக்கர்க்கு ஓதுவிக்கின்றோம். அவர்களும் வாய்பாடுபோல ஒப்புவிக்கின்றனர். இத்துணைப் பேதம் எற்றுக்கு என்று அவருள் ஒருவன் வினாவினால் யாது விடை கூறுவோம்? இளமையிலே மிஷன் பாடசாலையில் உயிர்நூலையும் வீட்டிற் சமயபாடத்தையும் வெவ்வேறாகக் கற்ற யாம் நெடுங்காலம் விடை கண்டிலேம்.

முதல்வன் ஆன்மாக்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் கொடுத்தருளுகின்றான் என்பது சித்தாந்தம். தனுவும் புவனமும் தம்முள் இயைந்திருத்தலை நோக்குக. பனிநிலத்துக் கரடிக்கு அடர்ந்த மயிரும், பாலைநிலத்து ஒட்டகத்துக்குக் கொழுப்புத் திரண்ட திமிலும், கண்டன்மரத்துக்கு உவர்ச்சேற்றின்மேல் எழும் மூச்சுவேரும் உள. வெப்பமும் மழையும் வேறுபடுதலின் நிலங்கள் வேறுபடுகின்றன; நிலங்கள் வேறுபடுதலின் உயிர்கள் வேறுபடுகின்றன. ஓருயிரின் எச்சம் மற்றோருயிருக்கு உணவாகின்றது. இவ்வாறு நிலமும் நீரும் உயிர்களும் ஒன்றையொன்று பற்றி நிற்றலையே இக்காலத்தார் சூழற்றொகுதி என்பர்.

அதனின்று ஒன்று நீங்கினால் வருவது யாது? இந்தியாவிலே கழுகுகளுக்கு நேர்ந்தது சான்றாகும். பிணந்தின்னும் புள்ளென்று பலர் அருவருத்த அவை, பெருந்திரளாக வாழ்ந்து, இறந்த மாடுகளை விரைவில் எலும்பாக்கி ஊரைத் தூய்மை செய்தன. 1992க்கும் 2007க்கும் இடையே, வெண்முதுகுக் கழுகு ஆயிரம் இருந்த இடத்து ஒன்றே எஞ்சிற்று. காரணம் 2004இல் வெளிப்பட்டது. மாடுகளின் நோவு தணிக்கக் கொடுத்த டைக்குளோபெனாக் என்னும் மருந்து தங்கிய ஊனை உண்ட கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. எஞ்சிய பிணங்களை உண்டு நாய்கள் பெருகின, விசர்நாய்க்கடி பெருகிற்று, நீரும் மாசுற்றது. 2000 முதல் 2005 வரை இதனால் ஏறக்குறைய 5 இலட்சம் மக்கள் மிகுதியாக இறந்தனர் என்று 2024இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டது.

அம்மருந்து கொடுத்தவர் கொடியரல்லர். பசுவின் நோவு கண்டு இரங்கியவர். அவ்விரக்கம் குற்றமன்று, பசுவோடு தொடர்புற்ற பிறவுயிர்களை அறியாமையே குறையாயிற்று. 2006இல் இந்திய அரசு அதனைக் கால்நடை மருத்துவத்துக்கு விலக்கிற்று. ஆயினும் கழுகினம் இன்னும் முன்போற் பெருகிற்றிலது.

திருக்கழுக்குன்றத்திலே நண்பகலில் வந்து அமுதுண்ட வெண்கழுகுகளை அடியார் முனிவரென்றே தொழுதனர். ஊர் இழித்த புள்ளைக் கோயில் ஏற்றது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு அவற்றின் வரவும் நின்றது.

ஆதலின், ஆசிரியர்காள், எழுவகைப் பிறப்பைப் படிப்பிக்கும் நாளில் மாணாக்கரை வெளியே அழைத்துச்சென்று ஒரு காகத்தையோ மண்புழுவையோ கறையானையோ காட்டுக. இது செய்யுந் தொண்டு யாது, இஃதில்லையாயின் அத்தொண்டை யார் செய்வார் என்று வினாவுக. விடை கண்ட பிள்ளை எவ்வுயிரையும் வீணென்று எண்ணான்.

திருச்சிற்றம்பலம்.