சுவரில் எழுதும் விருந்தினன்

விருந்தோம்பலைத் தமிழர் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றி வந்துள்ளனர். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. ஆயின் அவ்வறத்தைப் பேசுவோர் பெரும்பாலும் விருந்தளிப்பவனின் கடமையையே எடுத்துரைப்பர். விருந்தினனின் கடமை யாது என்னும் வினாவுக்கு அத்துணை முதன்மை அளிக்கப்படுவதில்லை. வந்து, தங்கி, உண்டு, விடைபெறுபவன் தனக்குப் பின்னே எதனை விட்டுச் செல்லலாம்? இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் செயல்களுள் ஒன்று, அயலார் சுவரில் எழுதுதல் ஆகும்.

இச்செயல் தமிழருக்குப் புதியதன்று. எகிப்தின் மன்னர் பள்ளத்தாக்கிலுள்ள பழங்கல்லறைகளிலே, கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் காணப்படுவதை 2026 ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். கொற்றன் என்னும் பெயருடைய ஒருவன், தான் வந்து கண்டமையை ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் பொறித்துச் சென்றுள்ளான். கடல் கடந்த தமிழனின் கைச்சான்று என்ற வகையில் அது தமிழருக்குப் பெருமிதம் தருவது இயல்பே. எனினும் அச்சுவர்கள் கொற்றனுக்கு உரியனவல்ல. வேறோர் இனம் தன் மன்னரைத் துயிலவைத்த இடங்கள் அவை. தஞ்சைப் பெருங்கோயிலின் சுவரிலே அயல்நாட்டுப் பயணி ஒருவன் இன்று தன் பெயரைக் கீறிச் செல்வானாயின், அதே பெருமிதத்தோடு அதனை நோக்குவோர் எத்தனை பேர்?

கொற்றனின் வேட்கை இக்காலத்தில் ஓர் ஒழுங்கமைந்த இயக்கமாகவே வளர்ந்துள்ளது. 2002 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் 'மீட்டிங் ஒஃப் ஸ்டைல்ஸ்' என்னும் சுவரெழுத்தாளர் ஒன்றுகூடல் தொடங்கிற்று. பின்னர் பல நாடுகளின் நகரங்களுக்கும் அது பரவிற்று. இத்தகைய கூடல்களுக்குப் பல தேசத்து இளைஞர் வண்ணக் குப்பிகளுடன் வருகின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத நிலையிலும் ஒரே சுவரைப் பங்கிட்டுத் தீட்டுகின்றனர். வார இறுதி கழிந்ததும் தத்தம் நாடு திரும்புகின்றனர். மொழியும் எல்லையும் பிரித்தவர்களை ஒரு சுவர் இணைக்கின்றது என்பது மெய்யே. ஆயினும் தீட்டியவன் இரு நாள்களில் அகன்றுவிட, அச்சுவரின் எதிரே வாழ்பவன் ஆண்டுக்கணக்கில் அதனைப் பார்த்தவாறே கதவைத் திறக்க வேண்டியுள்ளது. விருந்தினனுக்கு இந்த உரிமையை அளிப்பது எது?

விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாகச் செல்வோர் சிகிரியாக் குன்றை அடைவர். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த அக்கோட்டை அவனுக்குப் பின்னர் அரச இருக்கையாக நீடிக்கவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் அதனைக் காண வந்தோர், குன்றின் ஓவியப் பெண்களை நோக்கித் தம் உள்ளத்தில் எழுந்தவற்றை அங்குள்ள கண்ணாடிச் சுவரிலே கவிதைகளாகக் கீறினர். அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956 இல் நூலாக்கினார் செனரத் பரணவிதான. சிங்கள மொழியின் பழங்கவிதை வரலாறு இன்று அக்கீறல்களைப் பெரிதும் சார்ந்து நிற்கின்றது.

அதே சுவரில் 2015 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் தம் பெயரைக் கீறினார். தம்புள்ளை நீதவான் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பலர் அவருக்காகக் குரல் எழுப்பினர். சனாதிபதி பொதுமன்னிப்பு வழங்க, அவ்வாண்டிலேயே அவர் விடுதலை பெற்றார். ஒரே சுவர், ஒரே வகைச் செயல். எனினும் முன்னையது இலக்கியம் எனப்பட்டது, பின்னையது குற்றம் எனப்பட்டது. இவ்வேறுபாடு நியாயமானதா?

காலத்தின் பழைமையே வேறுபாட்டுக்குக் காரணம் என்பர் சிலர். இவ்விடை போதாது. பழைமை ஒன்றே ஒரு செயலை நல்லதாக்குமெனின், இன்றைய ஒவ்வொரு சிதைவும் ஆயிரம் ஆண்டு காத்திருந்து நற்செயலாகிவிடும். கவிதைச் சிறப்பே காரணம் என்பர் வேறு சிலர். அதுவும் பொருந்தாது, நல்ல கவிஞனுக்கு ஒரு சட்டமும் எளிய பயணிக்கு மற்றொரு சட்டமும் இருத்தல் அறமாகாது. உண்மையான வேறுபாடு எழுதியவரிடத்தன்று, சுவரிடத்தே உள்ளது. முற்காலத்துப் பயணி எழுதியபோது அது கைவிடப்பட்ட அரண்மனையின் வெறுஞ்சுவர். இன்று அதே சுவர் நூற்றுக்கணக்கானோரின் குரல் உறையும் ஏடு. அதன்மேல் இழுக்கப்படும் புதிய கோடு ஒவ்வொன்றும் பழைய சொல் ஒன்றை அழிக்கக்கூடும். ஆகவே தவறு எழுதுவதில் இல்லை; பிறர் எழுதியதை அழித்து எழுதுவதிலேயே உள்ளது.

இதனால் அத்தண்டனை நியாயமாயிற்று என்பது பொருளன்று. அறியாமல் இழைத்த பிழையும் அறிந்து இழைத்த கேடும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவையல்ல. 1967 ஆம் ஆண்டில் சிகிரியாவின் ஓவியங்கள்மீது வண்ணம் பூசிச் சிதைத்தோரின் செயலையும், கண்டு மகிழ்ந்த இடத்திலே தன் பெயரை விட்டுச் செல்ல விரும்பிய ஒருவரின் செயலையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. ஒரு சுவர் எத்துணை அரியது என்பதை எல்லா மக்களுக்கும் அவரவர் மொழியிலே உணர்த்துவது அதனைக் காக்கும் சமூகத்தின் கடன். விருந்தினனுக்குக் கடமை உண்டெனின், அக்கடமையை அவன் அறியச் செய்யும் பொறுப்பு விருந்தளிப்பவனுக்கு உண்டு.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். சுவரெழுத்தின் உயிரே அனுமதி பெறாமையில் உள்ளதன்றோ? ஒடுக்கப்பட்டவன் தன் முறையீட்டை எழுத ஆள்பவனிடம் இசைவு கேட்டு நிற்பானா? இம்மறுப்பு வலியது. ஆயின் எதிர்ப்பை எழுதுபவன் அவ்வூரிலேயே இருக்கின்றான். மறுநாள் தேடி வருவோர் தட்டுவது அவன் கதவையே. தான் எழுதியதன் விளைவைத் தானே தாங்குவதனால் அவன் அவ்வுரிமையைப் பெறுகின்றான். வார இறுதிக்கு வந்த விருந்தினனோ விமானம் ஏறிவிடுகின்றான்; விளைவு எஞ்சியிருப்போரின் தலையில் விழுகின்றது. ஒருவன் துன்புற்று ஈட்டிய உரிமையை மற்றொருவன் பயணச்சீட்டால் வாங்கிவிட முடியாது.

அனுமதி பெற்றுவிட்டால் மட்டும் கடன் தீர்ந்துவிடுமா? சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில், 2020 ஆம் ஆண்டில் அடுக்குமாடிச் சுவர்களிலே உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர் பெரும் ஓவியங்களைத் தீட்டினர். அந்நகரின் பெயர் கேட்டு முகஞ்சுளித்தோரும் அதனைக் காண வந்தனர்; இது சிறு நன்மையன்று. ஆயினும் சுவருக்கு உரிமையாளர் ஒருவர், அதன் உள்ளே வாழ்பவர் வேறொருவர் என்னும் நிலையில், யாருடைய இசைவு இசைவாகும்? 2019 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல நகரங்களில் இளைஞர் மதில்களுக்கு வண்ணந்தீட்டினர். நகரை அழகுபடுத்தும் ஆர்வம் பாராட்டப்பட்டது. அவ்வோவியங்கள் சிலவற்றில் போர்வீரரின் உருவங்கள் இடம்பெற்றபோது, அதே போரில் உறவுகளை இழந்தோர் அச்சுவர்களை எவ்வுள்ளத்தோடு கடந்து செல்வர் என்னும் வினாவும் எழுந்தது. தன் நாட்டிலேயே ஒருவன் பிறர் சுவரின்முன் விருந்தினனாகலாம் என்பதை இது புலப்படுத்துகின்றது.

பணிவான சொற்கள் மட்டும் நல்விருந்தினனை ஆக்குவதில்லை என்பதற்கும் இத்தீவில் சான்றுண்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹே 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்றைக் காலியில் நிறுவினான். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில், வெவ்வேறு சமயத்தாரின் தெய்வங்களுக்கு அவன் அளித்த காணிக்கைகளை அது கூறுகின்றது. பிறர் சுவரைத் தொடாது, தன் கல்லையே கொணர்ந்து நாட்டிய விருந்தினன் அவன். எனினும் 1411 இல் இந்நாட்டு ஆட்சியாளன் ஒருவனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றவனும் அவனே.

இதற்கு மாறானதொரு காட்சி பேராதனைக்கு அண்மையிலேயே உள்ளது. நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344 ஆம் ஆண்டளவில் எழுந்த இலங்காதிலக விகாரையின் பாறையிலே சிங்களக் கல்வெட்டும் தமிழ்க் கல்வெட்டும் அமைந்துள்ளன. அங்கு அயல்மொழி திருட்டுத்தனமாகக் கீறப்படவில்லை. வீட்டுக்குரியவனே தன் பாறையில் அதற்கு இடம் அளித்தான். கீறிய கையையும் இடமளித்த மனத்தையும் ஒருங்கே காட்டும் எழுத்து அது.

ஆகவே அயலார் சுவரில் எழுதும் விருந்தினனுக்கு மூன்று கடமைகள் உள எனலாம். முன்னிருந்த குரலை அவன் அழித்தல் கூடாது. சுவருக்கு உரிமையாளனை மட்டுமன்றி, அதன் எதிரே வாழப்போகின்றவனையும் கேட்டல் வேண்டும். மூன்றாவது கடமையே அரியது: தான் சென்ற பின்னர், அங்கு வாழ்வோர் விரும்பின் தன் எழுத்தின்மேல் வெள்ளை அடிக்கலாம் என்பதற்கு மனமார உடன்படல் வேண்டும். தன் சுவடு நிலைத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்துபவன் விருந்தினன் நிலையைக் கடந்து உரிமை கொண்டாடுபவனாகின்றான். சுவர் நாளையும் அதன்முன் கண்விழிப்பவனுக்கே உரியது. சிகிரியாவின் சுவரிலோ அவ்வாறு கண்விழிப்போர் இனிப் பிறக்கவிருப்போரும் ஆவர். அவர்களிடம் இசைவு பெறுதல் எவராலும் இயலாது. எனவேதான் அங்கு எழுத எழும் கை தாழ்தல் வேண்டும்.