காசு கொடுத்த கார் யாருடையது?

வாசலில் நின்றால் மட்டும் ஒரு பொருள் நம் உடைமை ஆகிவிடுமா? 2022இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் தென்கொரியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. அதற்கான கம்பிகள் ஏற்கெனவே காருக்குள் இருந்தன, மென்பொருள்தான் பூட்டு. வேண்டாதவருக்குச் செலவு மிச்சம், ஒப்பந்தம் தெரிந்துதானே வாங்குகிறார் என்பார்கள். வாடகைக்கு எடுத்தவரிடம் அந்த வாதம் செல்லும். முழு விலை கொடுத்தவரோ அந்தக் கம்பிகளையும் சேர்த்தே சுமந்து ஓட்டுகிறார். பாரம் ஒருவருக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு என்பது அறத்தின்படி விற்பனையே அல்ல. பாதுகாப்புக்குப் பூட்டு வேண்டும் என்பதை ஏற்கிறேன், பிரேக் மென்பொருளில் கண்டவர் கைவைக்கக் கூடாது; இருக்கைச் சூட்டில் என்ன ஆபத்து? எதிர்ப்பு வலுத்தபின், 2023இல் அந்நிறுவனமே இச்சந்தாவைக் கைவிட்டது.