ஏப்ரல் 14

தீயணைப்புப் படகு என்றால் எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் சிரிப்பார்கள். தீ இருக்கிறது, படகுக்குத் தண்ணீர்?

பம்பாயில் தண்ணீருக்குக் குறைவில்லை. 1944இல் விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பலில் பஞ்சுப் பொதிகளும் சுமார் 1400 டன் வெடிப்பொருள்களும் இருந்தன. (பஞ்சு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் என்பது எங்களூர் மில் பையனுக்கும் தெரியும்.) கரையிலிருந்தும் படகுகளிலிருந்தும் 900 டன்னுக்கு மேல் நீர் இறைத்தார்கள். நீர் கொதித்தது. மாலை 4.06க்குக் கப்பல் வெடித்தது. செத்தவர்களில் 66 பேர் தீயணைப்புப் படையினர்.

தீயைக் கண்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துப்போவதா என்று பேச்சு நடந்தது, உத்தரவு பிறக்கவில்லை. ஆளுக்கொரு அதிகாரம் இருந்தது, எல்லோருக்கும் மேலான அதிகாரம் எவருக்கும் இல்லை. பாங்கில் வேலை பார்ப்பவனுக்கு இது புரியாத விஷயமல்ல. முடிவெடுக்கும்வரை குழாயைப் பிடித்துக்கொண்டிரு என்பதுதான் மிஞ்சிய கட்டளை.

அதைத் தியாகம் என்கிறோம். பொய்யில்லை. ஆனால் எடுக்கப்படாத ஒரு முடிவின் இடத்தில் அந்த உயிர்களை வைத்து நிரப்பினார்கள் என்பதை இந்த வார்த்தை மறைத்துவிடுகிறது. ஓடியிருந்தால் கோழை என்றிருப்போம். கையெழுத்திடாதவனை அழைக்க நம்மிடம் என்ன சொல் இருக்கிறது?

அந்தத் தேதி இப்போது தீயணைப்போர் நினைவு நாள். பெரும்பாலும் சித்திரை முதல் தேதியும் அதுவே, பாங்குக்கு விடுமுறை.