கரணை யார் கைக்கு?

தளியிலே வீடு எழும்புகிறது. ஓசூரிலே தொழிற்கூடம் எழும்புகிறது. எல்லைக்கு அப்பால் பெங்களூரிலே அடுக்குமாளிகை வானை முட்டுகிறது. கட்டடங்கள் உயருகின்றன, அவற்றைக் கட்டிய கரங்கள் உயருகின்றனவா?

சாரத்தின்மீது கொத்தனார், கலவைச் சட்டியுடன் சித்தாள். எடுபிடியாக வந்த இளைஞன் சில ஆண்டுகளில் தூக்குக்குண்டு பிடிக்கிறான், ரசமட்டம் பார்க்கிறான், கொத்தனாராகிறான். அவனோடு அதே நாளில் வேலைக்கு வந்த பெண்ணோ, தலை நரைத்த பின்னும் சித்தாளே! அறிவு குறைவா? உழைப்பு குறைவா? இரண்டுமல்ல; அவள் கையில் எவரும் கரணையைத் தரவில்லை.

1953-இல் சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, கிராமப் பள்ளிப் பிள்ளைகள் பாதி வேளை படிக்கட்டும், மீதி வேளை பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக் கல்வி என்று கூறிக் கொதித்தெழுந்தது தமிழகம். 1954-இல் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. தொழில் கற்பது இழிவென்றா எதிர்த்தோம்? அன்று! தொழிலைப் பிறப்பு தீர்மானிப்பதையே எதிர்த்தோம். சாதியின் பெயரால் வந்தபோது விரட்டிய அதே அநீதி, ஆண் பெண் என்ற பெயரால் சாரத்தடியில் நிற்கும்போது வாளாவிருத்தல் நேர்மையாகுமா?

தொழில்திறன் குருதியில் ஊறி வருவதன்று, கற்பித்தால் வருவது. லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் 1995-இல் சென்னையில் கட்டுமானப் பயிற்சி நிலையம் தொடங்கி, கொத்து வேலையையும் கம்பி வளைப்பையும் முறையான பாடமாக்கியது. பாடமாக்கக் கூடியதைப் பெண்ணுக்கு மட்டும் மறுப்பானேன்?

"பெண்ணால் சாரம் ஏற முடியுமா?" என்பர். சுமையோடு ஏறுகிறவளுக்குச் சுமையின்றி ஏறத் தெரியாதா? "பயிற்றுவித்தால் வேறிடம் போய்விடுவர்" என்பர் முதலாளிமார். போகட்டுமே! கற்ற கை கற்பித்தவரின் உடைமையன்று. இத்தனை ஆண்டுகள் மலிவான கூலிக்குச் சுமந்தவளுக்குப் பயிற்சி தருவது ஈகையன்று. பட்ட கடனைத் தீர்ப்பது.

ஆனால் பயிற்சி என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. அன்றாடங்காய்ச்சிக்குப் பயிற்சி நாளிலும் கூலி வேண்டும். கைக்குழந்தைக்குக் காப்பிடம் வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் தளி வட்டாரத்தில், அவரவர் அறிந்த மொழியில் பாடம் வேண்டும். கற்று முடித்தபின் கொத்தனாரின் கூலியும் வேண்டும். இவையின்றேல் அது பயிற்சியன்று, பசப்பு.

கட்டுமான நிறுவனங்களை நாம் கேட்பது ஒன்றே: உங்கள் பயிற்சிப் பட்டியலில் சித்தாளின் பெயர் உண்டா? சுவரின் கோணலைத் தூக்குக்குண்டு காட்டும். உங்கள் நீதியின் கோணலை, அவளது வெறுங்கை காட்டுகிறது.